லேசான மூளைக்காயம்: இருட்டறையா, ட்ரெட்மில்லா, ஆக்சிஜன் அறையா?

தலையில் அடிபட்ட பிறகு ஸ்கேன் எடுத்து, ரத்தக்கசிவு இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் தலைவலி விடவில்லை. வெளிச்சம் கூசுகிறது, நாலு வரி படித்தால் தலை சுற்றுகிறது. இதற்கு மூன்று விதமான யோசனைகள் காதில் விழும். இருட்டறையில் அசையாமல் படு என்பார்கள். அளவோடு உடற்பயிற்சி செய் என்பார்கள். உயர் அழுத்த ஆக்சிஜன் அறைக்குப் போ என்பார்கள். எனக்கு இப்படி ஆனபோது நான் இரண்டாவதைத்தான் எடுத்தேன். அதனால் என் அலசலும் அந்தப் பக்கமே சாயும், முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, வலிப்பு, எழுப்பினாலும் தெளியாத தூக்கம் என்று இருந்தால் இந்த ஒப்பீட்டுக்கே வேலை இல்லை, உடனே அவசர சிகிச்சைதான். மூன்றில் எதை எடுத்தாலும், முழுசாகக் குணமாகும் வரை மறுபடி தலையில் அடிபடும் விளையாட்டுப் பக்கம் போகக்கூடாது. இதில் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது.

இனி விஷயத்துக்கு வருவோம். லேசான காயம் என்றால், சுயநினைவு எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்று அளக்கும் கிளாஸ்கோ அளவுகோலில் 13 முதல் 15 வரை மதிப்பெண் பெற்றவர்கள். இவர்களில் பெரும்பாலோர் எந்தச் சிகிச்சையும் இல்லாமலே சில வாரங்களில் தேறிவிடுகிறார்கள். அந்தச் சில வாரங்களில் எதைக் கொடுத்தாலும் அதனால்தான் குணமானது போலத் தெரியும், காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. ஆகவே ஒரு ஆய்வைப் பார்த்தால் எத்தனை பேர் தேறினார்கள் என்று நான் முதலில் கேட்பதில்லை. யாரோடு ஒப்பிட்டார்கள், அந்த எதிர்க்குழுவுக்கு என்ன கொடுத்தார்கள் என்றுதான் கேட்பேன். மூன்றும் எனக்குப் பிரிந்து தெரிந்தது இந்த ஒரு கேள்வியில்தான்.

ஆக்சிஜன் சிகிச்சையை எடுத்துக்கொள்வோம். அமெரிக்க ராணுவத்தினர் 72 பேரை வைத்து நடந்த ஆய்வு 2015-இல் வெளியானது. அவர்களை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழு 1.5 மடங்கு வளிமண்டல அழுத்தத்தில் ஆக்சிஜன் சுவாசித்தது, மொத்தம் 40 அமர்வுகள். இன்னொரு குழுவும் அதேபோன்ற அறைக்குள் 40 முறை போய் வந்தது, ஆனால் உள்ளே இருந்தது 1.2 மடங்கு அழுத்தத்தில் வெறும் காற்று. மூன்றாவது குழுவுக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். அறைக்குள் போன இரண்டு குழுவுமே வழக்கமான கவனிப்பைவிட நன்றாகத் தேறின. ஆனால் ஆக்சிஜனுக்கும் காற்றுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. அந்தக் காற்றுக் குழு மட்டும் இல்லாமல் போயிருந்தால், ஆக்சிஜன் வென்றது என்றுதான் எழுதியிருப்பார்கள். லேசான அழுத்தத்துக்கும் பலன் இருக்கலாமே என்று ஆதரவாளர்கள் வாதாடுகிறார்கள். இருக்கட்டும், அதை நிரூபிக்க வேண்டியவர்களும் அவர்கள்தான். நான் அந்த அறைக்குள் போனதில்லை, ஆகவே என் கணக்கு முழுக்க ஆய்வுகளை வைத்துத்தான்.

இருட்டறை ஓய்வைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. காலங்காலமாகச் சொல்லிவந்த யோசனை, பெரிதாகச் சோதிக்கப்படாமலே நிலைத்துவிட்டது. 2015-இல் 11 முதல் 22 வயது வரை உள்ளவர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு குழுவுக்கு ஐந்து நாள் கண்டிப்பான ஓய்வும், இன்னொன்றுக்கு ஓரிரு நாள் ஓய்வுக்குப் பின் படிப்படியாக வழக்கத்துக்குத் திரும்பும்படியும் சொன்னார்கள். ஐந்து நாள் படுத்தவர்கள்தான் அதிகத் தொந்தரவு சொன்னார்கள், அது அடங்கவும் கூடுதல் நாள் பிடித்தது. நாள் முழுக்கச் சும்மா படுத்து உடம்பையே கவனித்துக்கொண்டிருந்தால் இல்லாத வலியும் தெரியத்தான் செய்யும் என்பது என் ஊகம். ஆனால் முதல் இரண்டு நாள் ஓய்வு தேவைதான். குறிப்பாக ஃபோன், கணினி, டிவியை விட்டுத் தள்ளி இருப்பது: 2021-இல் 12 முதல் 25 வயதினரிடம் நடந்த ஆய்வில், முதல் 48 மணி நேரம் திரையைத் தொடாதவர்களில் சராசரி நோயாளி மூன்றரை நாளில் தேறினார், தொட்டவர்களுக்கு எட்டு நாள் ஆனது.

என் தேர்வுக்கு வருகிறேன். அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகத்தில் ஜான் லெடி, பேரி வில்லர் குழு உருவாக்கிய ட்ரெட்மில் சோதனைதான் இதற்கு அடிப்படை. ஒரே வேகத்தில் நடக்கவிட்டு, நிமிடத்துக்கு ஒரு சதவீதம் என்று சரிவைக் கூட்டிக்கொண்டே போவார்கள். தலைவலியோ தலைசுற்றலோ தெளிவாகக் கூடியதும் நிறுத்தி, அப்போதைய இதயத்துடிப்பைக் குறித்துக்கொள்வார்கள். அதில் 80 சதவீதம்தான் பயிற்சிக்கு எல்லை. துடிப்பு 150-இல் தலைவலி கிளம்பினால் 120-ஐத் தாண்டக்கூடாது, அவ்வளவுதான். நாளுக்கு இருபது நிமிடம்.

2019-இல் வந்த ஆய்வில், விளையாட்டில் அடிபட்ட 103 பதின்வயதினரை இரண்டாகப் பிரித்தார்கள். எதிர்க்குழுவைச் சும்மா உட்கார வைக்கவில்லை, இதயத்துடிப்பு ஏறாத ஸ்ட்ரெட்சிங் பயிற்சி கொடுத்தார்கள். நான் கேட்ட கேள்விக்கு இது நல்ல பதில். பயிற்சிக் குழுவுக்குத் தேற 13 நாள், மற்றவர்களுக்கு 17 நாள். 2021-இல் 118 பேரிடம் மறுபடி செய்து பார்த்தபோது 14 நாள், 19 நாள். நாலைந்து நாள் வித்தியாசம் அதிசயம் ஒன்றும் இல்லை. ஆனால் இரண்டு முறையும் ஒரே திசையில் வந்திருக்கிறது. நான்கு வாரத்துக்கு மேல் தொந்தரவு நீடிக்கும் அபாயமும் இரண்டாவது ஆய்வில் பாதியளவு குறைந்தது.

குறை இல்லையா என்றால், இருக்கிறது. ஓடுகிறவருக்கு தான் ஓடுகிறோம் என்று தெரியும், ஆக்சிஜன் அறைபோல அதை மறைக்க முடியாது. அப்புறம், ஆய்வில் இருந்தவர்கள் 13 முதல் 18 வயது விளையாட்டு வீரர்கள். நான் அந்த வயதைத் தாண்டி வெகுகாலம் ஆகிவிட்டது. நான் தேறியது பயிற்சியாலா, தானாகவா என்று என்னை வைத்துச் சொல்ல முடியாது, என் ஒருவனுக்கு எதிர்க்குழு ஏது? ஆனால் ஒன்று மட்டும் நேரில் கண்டேன். மணிக்கட்டுக் கருவியில் இதயத்துடிப்பைப் பார்த்து நடந்தபோது, எவ்வளவு செய்யலாம் என்ற குழப்பமே இல்லை. எல்லையைத் தாண்டிய அன்று சாயங்காலமே தலைவலி வந்து சொல்லிவிடும்.

வாரக்கணக்கில் தலைசுற்றலும் கழுத்துவலியும் விடாதவர்களுக்கு ட்ரெட்மில் மட்டும் போதாது. அவர்களுக்குக் கழுத்துக்கும் உடல் சமநிலைக்கும் சேர்த்துத் தரும் பிசியோதெரபி உண்டு. 2014-இல் வந்த ஒரு சிறிய ஆய்வில், அது பெற்ற 15 பேரில் 11 பேர் எட்டு வாரத்துக்குள் மீண்டும் விளையாட அனுமதி பெற்றார்கள், பெறாத 14 பேரில் ஒரே ஒருவர்தான். மொத்தமே சுமார் முப்பது பேர் என்பதால் எண்ணை அப்படியே நம்பிவிட வேண்டாம். ஆனால் ஆக்சிஜன் அறைக்கு முன்னால் டாக்டரிடம் கேட்க வேண்டியது இதைத்தான்.