எடை குறைந்த தீச்செங்கல்: சூளையிலும் உலையிலும் பற்றவைப்பு மேசையிலும்

சிறிய மின்சூளை ஒன்று, கேஸில் எரியும் கொல்லுலை ஒன்று, வெள்ளி பற்றவைக்கும் மேசை ஒன்று என மூன்று இடங்களில் இரண்டு ஆண்டுகளாக, கடும் வெப்பத்தைத் தாங்கும் எடை குறைந்த தீச்செங்கற்களைப் பயன்படுத்தி வருகிறேன். 23, 26 ஆகிய இரு தரங்களையும் வாங்கி உழைக்க விட்டுப் பார்த்ததில், இந்தக் கல்லைப் பற்றிச் சொல்லப்படும் குறைகளில் பெரும்பாலானவை தரம் மாறி வைத்ததால் வருபவை என்பது எனக்கு உறுதியாகிவிட்டது.

தர எண்ணைப் படிக்கும் முறையை முதலில் சொல்லிவிடுகிறேன். ஏஎஸ்டிஎம் என்ற அமெரிக்கத் தர நிர்ணய அமைப்பின் சி155 தரப்பிரிவின்படி அந்த எண்ணை நூறால் பெருக்கினால் ஃபாரன்ஹீட்டில் வெப்ப வரம்பு கிடைக்கும். 23 என்றால் 1260 டிகிரி செல்சியஸ், 26 என்றால் ஏறத்தாழ 1427. ஆனால் அந்த வரம்பைவிட 50 டிகிரி ஃபாரன்ஹீட் குறைவான வெப்பத்தில் வைத்துச் சோதிக்கும்போது கல் இரண்டு சதவீதத்துக்கு மேல் சுருங்கக்கூடாது என்பதுதான் விதி. ஆகவே 23 தரக் கல்லை 1250 டிகிரியில் நாள்தோறும் வேலை வாங்கலாம் என்று எடுத்துக்கொள்வது தவறு. வரம்புக்கும் வேலைக்கும் இடையே நூறு டிகிரியாவது இடைவெளி விடுவது என் வழக்கம்.

230 × 114 × 64 மில்லிமீட்டர் அளவுள்ள 23 தரக் கல் என் தராசில் ஒரு கிலோவுக்குள்ளேயே நிற்கிறது. அதே அளவுள்ள கெட்டித் தீச்செங்கல் மூன்றரை கிலோ வரும். மண்ணோடு மரத்தூள் போன்று எரிந்துபோகும் பொருளைக் கலந்து சுடுவதாலோ, கலவையை நுரைக்கவிட்டு வார்ப்பதாலோ உண்டாகும் நுண்துளைகளே இதற்குக் காரணம். துளைகளில் அடைபட்ட காற்று வெப்பத்தை எளிதில் கடத்துவதில்லை என்பதால், கெட்டிக் கல் கடத்தும் வெப்பத்தில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கே இது கடத்துகிறது. நகத்தை வைத்து அழுத்தினால் பிறை போலப் பள்ளம் விழும் அளவுக்கு மென்மையானது. பழைய ஹாக்ஸா பிளேடு ஒன்றே அறுக்கப் போதும்.

இந்தக் கல்லின் முழு அருமையும் தெரிவது பற்றவைப்பு மேசையில்தான். 92.5 சதவீத வெள்ளி ஏறத்தாழ 893 டிகிரியில் முழுதாக உருகிவிடும். அது உருகத் தொடங்கும் முன்னரே பொடி, அதாவது இணைப்பை ஒட்டவைக்கும் உலோகக் கலவை, உருகி ஓட வேண்டும். அடியில் இருக்கும் பரப்பு வெப்பத்தை உறிஞ்சினால் சுடரைக் கூடுதல் நேரம் காட்ட வேண்டிவரும், அதற்குள் மெல்லிய பகுதி உருகிவிடும். இந்த மென்மையான கல்லின் மேல் மோதிரத்தை வைத்தால் வெப்பம் கல்லுக்குள் இறங்காமல் நகையின் மேலேயே திரும்புகிறது. கல்லின் மேற்பரப்பு ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்ந்துகொண்டிருக்கும்போதே அதன் அடிப்பக்கத்தை வெறுங்கையால் பிடித்துத் திருப்பியிருக்கிறேன். எஃகு ஊசியைக் குத்தி உறுப்புகளை அசையாமல் நிறுத்தலாம். கத்தி நுனியால் ஒரு காடி கீறிவிட்டால் மோதிரம் அதில் செங்குத்தாக நிற்கும். கரண்டிக் காம்பால் சிறு குழி தோண்டி வெள்ளித் துணுக்கைப் போட்டு ஊதினால் அது உருண்டு மணியாகிவிடும். கரிக்கட்டை தன்னைச் சுற்றியுள்ள ஆக்சிஜனைத் தின்று உலோகம் கறுக்காமல் காப்பது போல இது காக்காது என்பது உண்மை. ஆனால் கரிக்கட்டை எரிந்து தேய்கிறது, வெடிக்கிறது. இது பல மாதம் நிற்கிறது. வேண்டிய கவனம் ஒன்றுதான்: பற்றவைக்கும்போது பூசும் வெங்காரம் (போராக்ஸ்) உருகிக் கல்லின் துளைகளில் இறங்கிக் கண்ணாடியாக உறைந்துவிடும், அடுத்த முறை நகை அதில் ஒட்டிக்கொள்ளும். அதனால் ஒரு முகத்தை உருக்குவதற்கும் மறு முகத்தைப் பற்றவைப்பதற்கும் ஒதுக்கிவிட வேண்டும். மேசைக்கு 23 தரமே தாராளம்.

கொல்லுலையில் வெங்காரம் தன் உண்மையான பலத்தைக் காட்டியது. தொடக்கத்தில் உலை முழுவதையும் 23 தரக் கல்லாலேயே கட்டியிருந்தேன். சுடர் நேராக மோதிய கல்லில் மூன்றாம் வாரமே விரிசல் ஓடியது; சட்டென்று சூடேறிச் சட்டென்று ஆறும் வேலைக்கு இந்தத் தரம் தாங்காது. இரும்புத் துண்டுகளை ஒட்டவைக்க வெங்காரம் தூவிய அன்று, தரைக்கல் பச்சை கலந்த கண்ணாடிக் குழம்பாகி, இரும்புப் பட்டை அதற்குள் விரலளவு புதைந்தது. இப்போது தரையில் அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) மிகுந்த கெட்டிப் பலகையும் சுவர்களில் 26 தரக் கல்லும் இருக்கின்றன. அமைப்பு குலையாமல் நிற்கிறது. உலைக்கு 23 தரத்தை யாருக்கும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இந்த மாற்றத்துக்காக 26 தரம் கேட்டு வாங்கியபோது ஒரு விற்பனையாளர் முத்திரை எதுவும் இல்லாத கற்களை அனுப்பியிருந்தார். பார்வைக்கு வேறுபாடு தெரியவில்லை. தராசில் வைத்த பிறகுதான் உண்மை தெரிந்தது. என்னிடம் உள்ள 26 தரக் கல் 1.3 கிலோ இருக்கையில், வந்தவை 900 கிராமைக்கூடத் தொடவில்லை. மாற்றித் தர மறுத்துவிட்டார்கள். தரம் தெரியாத கல் சூளையின் உள்ளே சுருங்கும்வரை தன்னைக் காட்டிக்கொடுக்காது என்பதால், தயாரிப்பாளரின் தரவுத்தாளில் உள்ள அடர்த்தியையும் கையில் உள்ள எடையையும் ஒப்பிடாமல் வாங்கவே கூடாது.

மின்சூளையில் எனக்குப் பெரிய புகார் இல்லை. எடை குறைவு என்பதால் கல் தனக்காக விழுங்கும் வெப்பமும் குறைவு. சூளை விரைவில் சூடேறுகிறது. 1220 டிகிரிச் சுடுதலுக்கே நான் 26 தரத்தைத் தேர்ந்தெடுத்தேன். கம்பிச்சுருள் உட்காரும் காடிகளின் உதடுதான் பலவீனமான இடம். ஒருமுறை சூடேறிய சுருள் முறுகிப்போயிருக்கும் என்பதால், அதை ஊதுசுடரால் இளஞ்சிவப்பாக்காமல் வளைத்துப் பிடுங்கினால் சுருளும் உடையும், உதடும் பெயரும். உதிரும் துகள் சுடும் பாண்டத்தின் மெருகுப் பூச்சின் மேல் விழாமலிருக்க, ஒவ்வொரு சுடுதலுக்கு முன்னும் உள்ளறையை வேக்குவம் கிளீனரால் உறிஞ்சி எடுத்துவிட வேண்டும்.

அறுக்கும்போது எழும் தூசில் சிலிக்கா இருக்கிறது. அது நுரையீரலில் தங்கினால் திரும்ப வெளியேறாது. என்95 அல்லது அதைவிட உயர்ந்த முகக்கவசம் அணிந்து, திறந்த வெளியில் அறுப்பதைத் தவிர வேறு வழியை நான் ஏற்கமாட்டேன்.

கல்லை ஒட்டும் சாந்தைப் பூசுமுன் கல்லை நனைக்க வேண்டும். இல்லாவிட்டால் சாந்தின் நீரை அது நொடியில் உறிஞ்சிவிடும். அப்படிக் குடித்த நீர் முழுவதும் வெளியேறாமல் சூட்டை ஏற்றினால் ஆவி கல்லைப் பிளக்கும். ஆகவே புதிதாகக் கட்டிய சூளையை மூடியைச் சற்றுத் தூக்கி வைத்து, நூறு டிகிரிக்குக் கீழேயே பல மணி நேரம் விட்டுவிடுகிறேன். பார்வைத் துளைக்கு நேரே பிடித்த கண்ணாடித் துண்டில் பனி படியாமல் ஆன பிறகே மூடியை இறக்குவேன்.