லேப்வியூவில் இஎக்ஸ்இ ஆக்கிய பிறகு மெனு வேலை செய்யவில்லையா? என் அனுபவமும் மதிப்பீடும்

லேப்வியூ என்ற புரோகிராமிங் மென்பொருள் 1986-ல் மேக்கின்டாஷ் கம்ப்யூட்டருக்காக வந்தது. திரையில் படங்களுக்கு இடையே வயரை இழுத்துத்தான் புரோகிராம் எழுத வேண்டும். மோட்டார் டெஸ்ட் பெஞ்சுக்கு இதைவிட வேகமாக வேலை முடிக்கிற கருவி எனக்குத் தெரிந்து இல்லை. இங்கே நான் பேசப்போவது புரோகிராமைத் தனியாக ஓடும் இஎக்ஸ்இ ஃபைலாக ஆக்கித் தரும் அதன் அப்ளிகேஷன் பில்டரைப் பற்றி, அதுவும் நம் புரோகிராமில் நாம் வைக்கும் மெனுவைப் பற்றி மட்டும்.

என் கம்ப்யூட்டரில் ரன் பட்டனை அழுத்தினால் எல்லாம் ஓடியது. பில்ட் போட்டு, பெஞ்சில் இருக்கும் கம்ப்யூட்டரில், இஎக்ஸ்இ ஓடத் தேவையான ரன்டைம் இன்ஜினோடு ஏற்றினேன், மெனு அழகாகத் தெரிந்தது, ஆனால் கேலிபரேஷனை கிளிக் செய்தால் ஒன்றுமே நடக்கவில்லை, செட்டிங்ஸைத் தொட்டால் எரர் 7, அதாவது ஃபைல் கிடைக்கவில்லை.

முதலில் டேக் மேல்தான் சந்தேகம் வந்தது. மெனுவில் கண்ணுக்குத் தெரிகிற பெயர் வேறு, கோடுக்குப் போய்ச் சேருகிற டேக் என்ற உள்பெயர் வேறு. டேக்கைப் பார்த்து எந்த வேலை என்று பிரிக்கும் கேஸ் ஸ்ட்ரக்சர் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் பார்க்கும் என்பதால் ஒரு எழுத்து மாறினாலும் டீஃபால்ட் கேஸுக்குப் போய்விடும். ஆனால் என் டேக் எல்லாம் சரியாகவே இருந்தன.

அப்புறம்தான் பில்டரின் அருமையே தெரிந்தது. பில்ட் ஸ்பெசிஃபிகேஷனில் அட்வான்ஸ்டு பக்கத்தில் டீபக்கிங்கை டிக் செய்து மறுபடி பில்ட் போட்டால், ஆபரேட் மெனு வழியாக ஓடிக்கொண்டிருக்கும் இஎக்ஸ்இக்குள்ளேயே போய் வயர் போட்ட படமான பிளாக் டயகிராமைத் திறந்து, வயரில் ஓடும் மதிப்பைக் காட்டும் புரோப் வைக்கலாம். ஃபைல் இருக்கும் இடத்தைச் சொல்லும் பாத் வயரில் புரோப் வைத்தேன், விஐ (லேப்வியூ புரோகிராம் ஃபைல்) இருக்கும் பாத்தின் நடுவில் ஃபோல்டர் மாதிரி இஎக்ஸ்இயின் பெயரும் உட்கார்ந்திருந்தது! 2009 பதிப்பிலிருந்து இப்படித்தான், இஎக்ஸ்இ தன் உள்ளே சோர்ஸ் ஃபோல்டர் அமைப்பை அப்படியே வைத்துக்கொள்கிறது.

அதனால் செட்டிங்ஸ் ஐஎன்ஐ ஃபைலை விஐ பாத்தை வைத்துத் தேடினால் அது இஎக்ஸ்இயின் வயிற்றுக்குள் போய்த் தேடும், வெளியே பக்கத்திலேயே இருக்கும் ஃபைல் அதற்குத் தெரியாது. இஎக்ஸ்இ இருக்கும் ஃபோல்டரைத் தரும் அப்ளிகேஷன் டைரக்டரி விஐயைப் போட்டதும் சரியானது. கேலிபரேஷன் கதை வேறு. அந்த விஐயை பாத் கொடுத்து ஓடும்போது திறக்கிறேன், அப்படித் திறப்பதை பில்டர் தானாகக் கண்டுபிடித்துச் சேர்க்காது, ஆல்வேஸ் இன்க்ளூடட் பட்டியலில் நாம்தான் போட வேண்டும், இல்லையென்றால் அந்த விஐயை நேரடியாகச் சுட்டும் ஸ்டாட்டிக் விஐ ரெஃபரன்ஸ் வைக்க வேண்டும். அதை நான் போடவில்லை, எரரைக் கடத்தும் எரர் வயரையும் இணைக்காமல் விட்டிருந்தேன், அதனால்தான் சத்தமே இல்லாமல் போனது. ஒரு மெனு கேஸில்கூட எரர் வயரை இணைக்காமல் விடாதீர்கள்.

என் மதிப்பீடு: ஐந்துக்கு நான்கு. அந்த டீபக் வசதி ஒன்றுக்கே மூன்று கொடுப்பேன். ஒன்றைக் குறைத்தது ஏனென்றால், டெவலப்மென்டில் ஒரு பாத், இஎக்ஸ்இயில் வேறு பாத் என்பதைப் புதிதாக வருபவர் பட்டுத்தான் தெரிந்துகொள்கிறார், பில்ட் போடும்போதே ஒரு எச்சரிக்கை காட்டினால் எத்தனை பேருக்கு ஒரு நாள் மிச்சமாகும். வீட்டில் பழக நினைப்பவர்களுக்கு 2020-லிருந்து கம்யூனிட்டி எடிஷன் இலவசம், வியாபாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் கடைசி பில்டில் டீபக்கிங் டிக்கை மறக்காமல் எடுத்துவிடுங்கள், அது இருந்தால் உங்கள் பிளாக் டயகிராமும் இஎக்ஸ்இயோடு சேர்ந்தே போய்விடும்.