பை-ஹோல் ஆறாம் பதிப்புக்கு மாறியபின் டாஷ்போர்டு மந்தமானால்: தீர்வுகளின் ஒப்பீட்டு அலசல்

வீட்டு நெட்வொர்க்கில் விளம்பரங்களைத் தடுக்கப் பயன்படும் பை-ஹோல் மென்பொருளின் ஆறாம் பதிப்பு 2025 பிப்ரவரியில் வெளிவந்தது. அதுவரை அதன் கட்டுப்பாட்டுப் பக்கமான டாஷ்போர்டைப் பரிமாற லைட்டிபிடி என்ற தனி வெப் சர்வரும் பிஎச்பி என்ற நிரல்மொழியும் தேவைப்பட்டன. புதிய பதிப்பில் இரண்டும் நீக்கப்பட்டு, தளப் பெயருக்குரிய ஐபி முகவரியைக் கேட்கும் டிஎன்எஸ் வினவல்களைக் கையாளும் எஃப்டிஎல் என்ற மைய நிரலுக்குள்ளேயே வெப் சர்வரும், டாஷ்போர்டுக்குத் தரவைக் கொடுக்கும் இடைமுகமான ஏபிஐயும் சேர்க்கப்பட்டன. சிதறிக் கிடந்த அமைப்புக் கோப்புகளும் ஒரே கோப்பில் ஒன்றுசேர்ந்தன. இவ்வளவு பெரிய மாற்றத்துக்குப் பிறகு டாஷ்போர்டு மெதுவாகத் திறந்தால், பழைய பதிப்புக்கே திரும்பு, அழித்துவிட்டுப் புதிதாக நிறுவு, பழைய பதிவுகளைக் குறை, அது இயங்கும் ராஸ்பெர்ரி பை சிறுகணினியின் எஸ்டி கார்டை மாற்று, இதேபோன்ற வேறொரு தடுப்பு மென்பொருளான ஆட்கார்ட் ஹோமுக்குப் போய்விடு என்று ஆளுக்கொரு தீர்வு சொல்லப்படுகிறது. இவை ஒன்றுக்கொன்று மாற்று என்பதுபோலப் பேசப்பட்டாலும், ஒவ்வொன்றும் வெவ்வேறு இடத்திலுள்ள தடையைத்தான் நீக்குகிறது. ஆகவே தாமதம் எங்கே நிகழ்கிறது என்று பார்க்காமல் இவற்றை ஒப்பிடுவதில் பயனில்லை.

முதலில் டிஎன்எஸ் வேகத்தையும் டாஷ்போர்டின் வேகத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும். மற்ற இணையத்தளங்கள் வழக்கம்போலத் திறந்து, பை-ஹோலின் பக்கம் மட்டும் தாமதித்தால், டிஎன்எஸ் வேலையில் குறையில்லை என்று கொள்ளலாம். அடுத்து, டாஷ்போர்டைப் பெயர் கொண்டு திறப்பதோடு ஐபி முகவரி கொண்டும் திறந்து பார்க்க வேண்டும். முகவரி வழியாக மட்டும் விரைந்து திறந்தால், கோளாறு கணினியின் டிஎன்எஸ் அமைப்பிலோ ஐபிவி6 என்ற புதிய வகை முகவரியின் பாதையிலோ இருக்கக்கூடும். இரண்டிலும் தாமதம் இருந்தால், உலாவியில் எஃப்12 விசையை அழுத்தி, நெட்வொர்க் பகுதியில் எந்தக் கோரிக்கைக்கு எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று பார்க்கலாம். படங்களும் எழுத்துருக்களும் போன்ற நிலையான கோப்புகளே தாமதித்தால் வைஃபை இணைப்பையோ கருவியின் திறனையோ சந்தேகிக்க வேண்டும். கோப்புகள் உடனே வந்து ஏபிஐ கோரிக்கைகள் மட்டும் காத்திருக்க வைத்தால், தடை எஃப்டிஎல் நிரலிலோ அதன் தரவுத்தளத்திலோ இருக்கிறது.

இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. முகப்பில் தெரியும் வரைபடங்கள் கடைசி 24 மணி நேரத்தைக் காட்டுபவை. அவற்றுக்கான தரவு நினைவகத்திலேயே இருக்கிறது. அதைவிடப் பழைய வினவல்களைத் தேடும்போதுதான் வட்டிலுள்ள எஸ்கியூலைட் தரவுத்தளம் முழுமையாகப் புரட்டப்படுகிறது. நிரல் மறுதொடக்கம் ஆகும்போதும் கடைசி 24 மணி நேரப் பதிவுகள் வட்டிலிருந்து நினைவகத்துக்கு ஏற்றப்படுகின்றன. எனவே மறுதொடக்கத்துக்குப் பிந்தைய சில நிமிடங்களும் பழைய பதிவுகளின் தேடலும் மட்டும் மந்தமாக இருந்தால் தரவுத்தளமே காரணம் என்று ஏறத்தாழ உறுதியாகச் சொல்லலாம். எந்நேரமும் எல்லாப் பக்கங்களும் மந்தமாக இருந்தால் கவனத்தைக் கருவியின் பக்கம் திருப்ப வேண்டும்.

பழைய பதிப்புக்குத் திரும்புவது உடனடி நிம்மதி தரும் வழியாகத் தோன்றும். மென்பொருளைத் தனிப் பெட்டிபோல இயக்கும் டாக்கர் வழியாக நிறுவியவர்களுக்கு இது எளிது, 2024.07.0 என்ற குறியுடைய படிமம் (ஆயத்த நிறுவல் தொகுப்பு) ஐந்தாம் பதிப்பைச் சேர்ந்தது. ஆனால் புதிய பதிப்பு தன் தரவுத்தளங்களையும் அமைப்புக் கோப்பையும் தன் போக்கில் மாற்றி எழுதிவிடுவதால், மேம்படுத்தலுக்கு முன் எடுத்த நகல் கையில் இல்லாமல் படிமத்தை மட்டும் மாற்றுவது புதிய சிக்கல்களைத் தரும். நேரடியாக நிறுவியவர்களுக்கோ எஸ்டி கார்டின் முழு நகல் இருந்தாலொழிய இந்த வழி கிட்டத்தட்ட இல்லை. வளர்ச்சி நின்றுபோன பதிப்பை வீட்டு நெட்வொர்க்கின் நடுவே வைத்திருப்பதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வேறு காரணத்தால் உடனே பழைய நிலை தேவைப்படுவோருக்கு இது தற்காலிக வழி, அவ்வளவே.

புதிதாக நிறுவுவதற்கு ஆதரவாளர்கள் அதிகம். அது வேலை செய்வதும் உண்மை. ஆனால் ஏன் வேலை செய்கிறது என்பதைத்தான் யாரும் கேட்பதில்லை. பை-ஹோலின் காப்பு வசதியான டெலிபோர்ட்டர் வழியாக எடுக்கும் காப்புக் கோப்பில் தடுப்புப் பட்டியல்கள், குழுக்கள், அமைப்புகள் ஆகியவை இடம்பெறுகின்றன. நீண்ட கால வினவல் தரவுத்தளம் இடம்பெறுவதில்லை. புதிய கார்டில் நிறுவி அந்தக் கோப்பை ஏற்றும்போது வரலாறு முழுவதும் கழன்றுவிடுகிறது. பெரும்பாலானோர் உணரும் வேகம் இதிலிருந்து வருவதாகவே நான் கருதுகிறேன். ஒரு மாலைப் பொழுதைச் செலவிட்டுப் பெறும் அந்தப் பலனை ஓர் அமைப்பை மாற்றியே பெற்றுவிடலாம். விதிவிலக்காக, மேம்படுத்தலின்போது பழைய லைட்டிபிடி நிறுத்தப்படாமல் தங்கிவிட்டிருந்தால் இணையப் பக்கங்களுக்கான வழக்கமான இணைப்பு எண்ணான 80ஆம் போர்ட்டை அது பிடித்துக்கொள்ள, புதிய சர்வர் 8080க்கு ஒதுங்கியிருக்கும். நினைவகமும் இரண்டுக்கும் பங்காகும். அதற்கும்கூடப் பழைய சேவையை நிறுத்தினால் போதும்.

பதிவுகளைக் குறைப்பதே நான் முதலில் செய்யச் சொல்லும் வழி. ஐந்தாம் பதிப்பு வினவல்களை 365 நாட்கள் வைத்திருந்தது. ஆறாம் பதிப்பின் இயல்பு மதிப்பு 91 நாட்கள். பழைய அமைப்பில் இந்த எண்ணைத் தாமாக மாற்றி வைத்திருந்தவர்களுக்கு அந்த எண்ணே புதிய பதிப்புக்கும் வந்து சேர்ந்திருக்கும் என்பதால், அமைப்புப் பக்கத்தில் அதைச் சரிபார்ப்பது நல்லது. கடந்த ஆண்டு எந்தக் கைபேசி எந்தத் தளத்தைத் தேடியது என்பது பெரும்பாலான வீடுகளுக்குத் தேவையற்றது. வீட்டாரின் அந்தரங்கத்தைக் கருதினாலும் அதை வைத்திருக்காமல் இருப்பதே மேல். ஒரு மாதப் பதிவு போதும். ஆனால் நாட்களைக் குறைத்தவுடன் கோப்பின் அளவு குறையாததைக் கண்டு பலர் ஏமாந்துபோகிறார்கள். எஸ்கியூலைட், வரிசைகளை அழிக்கும்போது காலியான பக்கங்களைக் கோப்புக்குள்ளேயே வைத்துக்கொண்டு மறுபடி பயன்படுத்துகிறது. கோப்பு சுருங்க வேண்டுமானால் வேக்கம் என்ற கட்டளையைத் தனியாக இயக்க வேண்டும். அதற்கு மூலக் கோப்பின் இரண்டு மடங்கு வரை காலி இடம் தேவைப்படலாம் என்பதால், நிரம்பி வழியும் சிறிய கார்டில் அது பாதியிலேயே தோற்றுப்போகும். எஃப்டிஎல் சேவையை நிறுத்தி, கோப்பை வேறு கணினிக்கு நகலெடுத்த பிறகே இதைத் தொடங்க வேண்டும். பழைய வரலாறே வேண்டாம் என்பவர்கள், சேவையை நிறுத்திவிட்டு அந்தக் கோப்பை இடம் மாற்றி வைத்தால் நிரல் புதியதொன்றை உருவாக்கிக்கொள்ளும்.

வன்பொருளை மாற்றுவது, முன்னே சொன்ன சோதனைகள் கருவியைச் சுட்டினால் மட்டும் பொருத்தமானது. முதல் தலைமுறை ராஸ்பெர்ரி பை ஜீரோவில் ஒற்றை மையச் செயலியும் 512 எம்பி நினைவகமும்தான். பெரிய தடுப்புப் பட்டியல்களோடு வேறு சேவைகளையும் அதில் ஓட்டினால் நினைவகம் போதாமல் எஸ்டி கார்டில் எழுதத் தொடங்கும், பிறகு எந்த அமைப்பை மாற்றினாலும் பலனிராது. கார்டு மட்டுமே குறையென்றால், எஸ்டி கார்டுகளின் ஏ1 தரம் நொடிக்குக் குறைந்தது 1500 சிதறிய வாசிப்புகளையும் 500 எழுதல்களையும் உறுதிசெய்கிறது என்பதை நினைவில் கொண்டு வாங்கலாம்; தரவுத்தளத்துக்கு முக்கியம் இந்த எண்களே, அட்டையில் பெரிதாக அச்சிட்டிருக்கும் எம்பி கணக்கு அன்று. பை 4 வைத்திருப்பவர்கள் யூஎஸ்பி எஸ்எஸ்டிக்கு மாறலாம். அப்படி மாறும்போது, யூஎஸ்பி 3 வட்டுகளின் மின்னிரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையைக் கெடுக்கக்கூடும் என்பதால் பையை லேன் கம்பியில் இணைப்பது நல்லது. பணம் செலவிடுவதற்கு முன் மின் அடாப்டரையும் பார்த்துவிட வேண்டும். மின்னழுத்தம் குறைந்தால் பை தன் செயலியின் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறது. பதிவுகளை நினைவகத்தில் வைக்கும் லாக்2ரேம் என்ற நிரல் இங்கே உதவாது. அது பதிவுக் கோப்புறையை மட்டுமே கவனிக்கிறது. பை-ஹோலின் தரவுத்தளமோ வேறொரு கோப்புறையில் இருக்கிறது.

ஆட்கார்ட் ஹோமுக்கு மாறுவது கடைசியாக எண்ணத்தக்கது. கோ மொழியில் எழுதப்பட்ட ஒரே நிரலாக அது இயங்குகிறது. மறையாக்கப்பட்ட டிஎன்எஸ் வசதி உள்ளேயே இருப்பதால் வேறொரு துணை நிரலும் வேண்டியதில்லை. அந்த வசதிக்காக மாறுவதில் நியாயமுண்டு. டாஷ்போர்டின் வேகத்துக்காக மட்டும் மாறுபவர்கள், அதுவும் வினவல் பதிவை இயல்பாக 90 நாட்கள் வைத்திருக்கிறது என்பதையும், அந்தப் பதிவு வெறும் ஜேசன் வகை உரைக் கோப்பாகவே வட்டில் சேர்கிறது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். அதே பழைய கார்டில், அதே அளவு பதிவோடு இயக்கினால் பழைய தேதிகளில் தேடும்போது அங்கும் காத்திருக்க நேரும். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்க்க விரும்புவோர், ஒரே ஐபி முகவரியில் இரண்டும் டிஎன்எஸ்ஸுக்கான 53ஆம் போர்ட்டைப் பகிர முடியாது என்பதால், ஆட்கார்டை வேறொரு கருவியில் நிறுவி, ரவுட்டரைத் தொடாமல் ஒரே ஒரு மடிக்கணினியில் மட்டும் அதன் முகவரியை டிஎன்எஸ்ஸாகக் கொடுத்துச் சில நாட்கள் பார்க்கலாம்.