லெதரா, மெஷ்ஷா: முதல் ரைடிங் ஜாக்கெட்டை வாளியில் ஊறவைத்த பிறகு

பைக் ஓட்டத் தொடங்கி எட்டு மாதம் ஆகிறது. ஹெல்மெட், கையுறை, பூட்ஸ் மூன்றையும் முதல் வாரத்திலேயே வாங்கிவிட்டேன், ஜாக்கெட்டில்தான் முடிவுக்கு வர முடியாமல் இழுத்துக்கொண்டே போனது. தோல் ஜாக்கெட், காற்று புகும் மெஷ் ஜாக்கெட், மழைக்கும் குளிருக்கும் தாங்கும் டெக்ஸ்டைல் ஜாக்கெட், இந்த மூன்றுக்குள்தான் குழப்பம். கடைசியில் வாங்கியது மெஷ், அதனால் இந்த அலசல் அந்தப் பக்கம் சாய்ந்துதான் இருக்கும். தோல் ஜாக்கெட்டை நண்பரிடம் இரவல் வாங்கி ஐந்து வாரம் வைத்துப் போட்டிருக்கிறேன். டெக்ஸ்டைலைக் கடையில் போட்டுப் பார்த்ததோடு சரி, ஆகவே அதைப் பற்றி நான் சொல்வதைக் கொஞ்சம் குறைத்தே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஹெல்மெட்டில் அதிகம் யோசிக்க எதுவும் இல்லை. தாடை வரை மூடும் ஃபுல் ஃபேஸ், கன்னச் சதை லேசாக அமுங்குகிற அளவு, பட்டியை மாட்டியபின் பின்பக்கத்தைப் பிடித்து முன்னோக்கி உருட்டினால் கழன்று வரக் கூடாது. ஹெல்மெட் பாதுகாப்புக்கான இசிஇ 22.06 என்ற தரத்தின் முத்திரை உள்ளதாகப் பாருங்கள். சாய்வாக மோதும்போது தலை எவ்வளவு வேகமாகச் சுழல்கிறது என்பதையும் அந்தத் தரம் அளக்கிறது, முந்தைய 22.05 அதை அளக்கவில்லை. கையுறைக்கு மணிக்கட்டில் இறுக்கும் பட்டி இருக்க வேண்டும், பூட்ஸ் கணுக்காலை மூட வேண்டும். அவ்வளவுதான்.

இப்போது ஜாக்கெட். விழும்போது உடம்புக்கு இரண்டு விதத்தில் அடி படுகிறது. முதலாவது மோதல், அதற்குத்தான் தோள், முழங்கை, முதுகில் இருக்கும் ஆர்மர், அதாவது அடியைத் தாங்கும் கவசத் துண்டுகள். இரண்டாவது உராய்வு, அதாவது சாலையில் தேய்ந்துகொண்டே போவது. மோதலில் தோலுக்கும் மெஷ்ஷுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது, உள்ளே இருக்கும் ஆர்மர் ஒரே வகையாக இருக்கலாம். தோள், முழங்கை ஆர்மரில் இஎன் 1621-1 என்ற ஐரோப்பியத் தர எண் அச்சிட்டிருக்கும், பக்கத்தில் 1 அல்லது 2 என்று நிலை போட்டிருக்கும். 1 என்றால் சோதனையில் கடத்திவிடும் விசையின் சராசரி 35 கிலோநியூட்டனுக்குள், 2 என்றால் 20 கிலோநியூட்டனுக்குள். முதுகுப் பகுதிக்குத் தனித் தரம், இஎன் 1621-2. இதில் ஒரு விஷயம் புதியவர்களுக்குத் தெரிவதில்லை, எனக்கும் தெரியாது: பல ஜாக்கெட்டுகளில் முதுகுப் பையில் வருவது வெறும் ஸ்பாஞ்ச். கடையிலேயே அதை உருவி எடுத்துக் கட்டைவிரலால் அமுக்கிப் பாருங்கள், விரல் அடுத்த பக்கம் வரை போய் முட்டினால், எந்த எண்ணும் அச்சிடாமல் இருந்தால், அது முதுகுக் கவசமே அல்ல. தனியாக ஒன்று வாங்கிப் போட வேண்டியிருக்கும், எனக்கும் அப்படித்தான் ஆயிற்று.

உராய்வில் தோல்தான் ஜெயிக்கிறது, அதை மறைக்க நான் விரும்பவில்லை. ரைடிங்குக்கென்று செய்யும் நல்ல மாட்டுத்தோல் 1.2 முதல் 1.4 மில்லிமீட்டர் கனம் இருக்கும், சாலையில் தேயுமே தவிர உருகாது. துணி ஜாக்கெட்டுகளில் வரும் நைலான் அப்படி இல்லை, அது வகையைப் பொறுத்து 220 முதல் 260 டிகிரி செல்சியஸ் சூட்டில் உருகுகிற பொருள், உராய்வின் சூடு அதை எட்டிவிட்டால் துணி நீண்ட நேரம் தாக்குப்பிடிக்காது. மெஷ் என்றால் கூடுதலாக ஓட்டை ஓட்டையாகவும் இருக்கிறது. 600 டெனியர் என்று அட்டையில் போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம், டெனியர் என்பது 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் இருக்கிறது என்கிற கணக்கு மட்டும்தான். நெசவு எப்படி, தையல் எப்படி என்பதை அது சொல்லாது.

அதைச் சொல்வது இஎன் 17092 என்கிற தரம். உடைக்குள் தைத்திருக்கும் சீட்டில் ஏஏஏ, ஏஏ, ஏ என்று வகுப்பு இருக்கும். துணித் துண்டை வேகமாகச் சுழற்றிக் கான்கிரீட் மேல் இறக்கி, அது நிற்பதற்குள் ஓட்டை விழுகிறதா என்று பார்க்கிறார்கள். தோள், முழங்கை போல அதிகம் தேயும் இடங்களுக்கு ஏ வகுப்பில் 45, ஏஏ வகுப்பில் 70, ஏஏஏ வகுப்பில் 120 கி.மீ. வேகத்துக்கு ஈடான சுழற்சி. ஆனால் அந்த வேகத்தில் விழுந்தால் ஒன்றும் ஆகாது என்று இதற்குப் பொருள் அல்ல, ஒரு ஜாக்கெட்டை இன்னொன்றோடு ஒப்பிட உதவும், அவ்வளவே. மெஷ்ஷில் பெரும்பாலும் ஏ வகுப்புதான் கிடைக்கிறது, தேடினால் ஏஏ கிடைக்கும், நான் தேடி எடுத்தது ஏஏ. ஆஸ்திரேலியாவில் 2011இல் வெளியான ஓர் ஆய்வில், விபத்துக்குள்ளானவர்கள் போட்டிருந்த பைக் ஜாக்கெட்டுகளில் ஏறக்குறைய 30 சதவீதம் விபத்தில் கிழிந்தோ ஓட்டை விழுந்தோ செயலிழந்திருந்தன. பைக் ஜாக்கெட் என்று பெயர் இருந்தால் போதாது என்பதை அதைப் படித்தபின்தான் உணர்ந்தேன், அதன்பிறகு சீட்டைப் பார்க்காமல் எதையும் கையில் எடுப்பதில்லை.

சரி, உராய்வில் தோல் மேல் என்றால் ஏன் மெஷ் வாங்கினேன்? துவைப்பதற்காக.

இதைச் சொன்னால் அற்பமான காரணம் போலத் தெரியும். இரவல் தோல் ஜாக்கெட்டின் முதல் வாரம் அருமையாக இருந்தது, உடம்போடு ஒட்டி, ஆர்மர் அசையாமல். இரண்டாவது வாரத்தில் கழுத்துப் பட்டையின் உள்பக்கம் வெள்ளையாக ஒரு கோடு விழுந்தது, வியர்வை காய்ந்த உப்பு. ஈரத்துணியால் துடைத்தேன், போயிற்று, மூன்று நாளில் மறுபடியும் வந்தது. மூன்றாவது வாரம் அக்குள் பக்கம் உள்துணியில் வாடை. தோலைத் தண்ணீரில் போட முடியாது, போட்டால் அதிலுள்ள எண்ணெய்ப்பசை போய், காயும்போது விறைத்துச் சுருங்கும். வெயிலிலோ ஹீட்டர் அருகிலோ காயவைத்தால் வெடிப்பு விடும். அலமாரிக்குள் ஈரத்தோடு பூட்டி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். அவ்வப்போது கண்டிஷனர் தடவ வேண்டும், அதுவும் தையல் ஓரங்களில் பார்த்துத் தடவ வேண்டும். வாரம் ஒருமுறை நெடுந்தூரம் போகிறவருக்கு இதெல்லாம் சுகமான வேலையாகக்கூட இருக்கலாம், தினமும் இரண்டு வேளை வியர்த்துக்கொண்டு போகிற எனக்கு அது ஒத்துவரவில்லை.

அதன் விளைவுதான் என்னைப் பயமுறுத்தியது. நான்காவது வாரம், பக்கத்தில்தானே போகிறோம் என்று ஜாக்கெட்டை ஆணியிலேயே விட்டுவிட்டுக் கிளம்பினேன். மறுநாளும் அப்படியே. அந்த வாடையை மறுபடி உடம்பில் ஏற்றிக்கொள்ள மனம் வரவில்லை, உண்மைக் காரணம் அதுதான். ஏஏஏ வகுப்பாக இருந்தாலும் ஆணியில் தொங்குகிற ஜாக்கெட் என் முழங்கையைக் காப்பாற்றாது.

மெஷ் வந்தபிறகு பதினைந்து நாளுக்கு ஒருமுறை துவைக்கிறேன். முதலில் ஆர்மர் ஐந்தையும் உருவ வேண்டும், தோள் இரண்டு, முழங்கை இரண்டு, முதுகு ஒன்று. அவற்றைத் தண்ணீரில் ஊறவைக்காமல் ஈரத்துணியால் துடைத்து நிழலில் வைக்கிறேன். அப்புறம் எல்லா ஜிப்பையும் வெல்க்ரோவையும் மூடிவிட்டு, வாளியில் வெதுவெதுப்பான தண்ணீர், மென்மையான சோப்புத் திரவம் கொஞ்சம், அரைமணி நேரம். முதல்முறை வெல்க்ரோவை மூடாமல் போட்டுவிட்டேன், அதன் கொக்கிகள் மெஷ்ஷில் மாட்டி இடது இடுப்புப் பக்கம் நூல்களை இழுத்துவிட்டன, அந்த இடம் இன்றும் பிசிறாகத்தான் இருக்கிறது. தண்ணீர் கறுத்து வரும், இரண்டு முறை அலசினால் தெளியும். முறுக்கிப் பிழியக் கூடாது, தொங்கவிட்டுச் சொட்டவிட வேண்டும், அதுவும் நிழலில். நைலான் நீண்டநாள் வெயில் பட்டால் பலம் குறையும். என் ஜாக்கெட் ஓர் இரவில் காய்ந்துவிடுகிறது, காலையில் ஆர்மரைச் செருகிக்கொண்டு கிளம்பலாம்.

செருகும்போது நிதானம் தேவை. இரண்டாவது துவைப்புக்குப் பிறகு முழங்கை ஆர்மர் இரண்டையும் கைமாற்றிப் போட்டுவிட்டேன். அன்று முழுக்கக் கை மடக்கும்போது ஏதோ இடித்துக்கொண்டே இருந்தது, மாலையில் உருவிப் பார்த்தபோதுதான் இடது, வலது குறி அதன் முதுகிலேயே இருப்பதைக் கவனித்தேன். இப்போதெல்லாம் மாட்டிக்கொண்டு, பைக்கில் உட்கார்ந்து, கைப்பிடியைப் பிடித்தபடி முழங்கை ஆர்மரை இன்னொரு கையால் பிடித்துத் திருகிப் பார்க்கிறேன், எலும்பு முனையை விட்டு விலகவில்லை என்றால் சரி. வாங்கும்போதும் இதையே செய்யுங்கள். மெஷ் தோலைப் போல உடம்போடு ஒட்டாது, கைப்பகுதியில் இறுக்கும் பட்டி இல்லாத மெஷ் ஜாக்கெட்டில் ஆர்மர் சுலபமாக நகர்ந்துவிடும்.

துவைப்பதால் இன்னொரு நன்மையும் கிடைத்தது. மாதம் இருமுறை ஒவ்வொரு தையலும் கைக்குள் வந்துபோகிறது. அப்படித்தான் வலது தோள் தையல் இரண்டு அங்குலத்துக்கு விட்டிருந்ததைக் கண்டுபிடித்தேன். போட்டிருக்கும்போது கண்ணில் பட்டிருக்கவே படாது. விழும்போது தையல் பிரிந்தால் துணி எவ்வளவு பலமாக இருந்தும் பயனில்லை, ஆகவே சாதாரண நூல் வேண்டாம் என்று சொல்லி, கனமான நைலான் நூலால் இரட்டைத் தையலாகப் போட்டு வாங்கினேன்.

ஒரே ஒருமுறை விழுந்திருக்கிறேன். சரளைக்கல் கிடந்த திருப்பத்தில், 20 கி.மீ. வேகம்கூட இருக்காது, இடது கையை ஊன்றி முழங்கையில் போய் விழுந்தேன். முழங்கையில் இருந்த கனத்த துணி பஞ்சு கிளம்பினாற்போல் ஆனது, கிழியவில்லை, ஆர்மர் அடியை வாங்கிக்கொண்டது. ஆனால் முன்கையில் மெஷ் இருந்த இடத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு ஓட்டை, உள்ளே தோல் சிராய்ப்பு. தோல் ஜாக்கெட்டாக இருந்திருந்தால் அங்கே ஒரு கீறல் மட்டும் மிஞ்சியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். 80 கி.மீ. வேகத்தில் இந்த ஜாக்கெட் எப்படி நடந்துகொள்ளும் என்று என் அனுபவத்தை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் தோளும் முழங்கையும் முழுக்க மெஷ்ஷாக இருப்பதை வாங்காதீர்கள், அந்த இடங்களில் கனத்த துணி வைத்து, மார்பிலும் முதுகிலும் மட்டும் மெஷ் இருப்பதைத் தேடுங்கள்.

டெக்ஸ்டைலைப் பற்றிச் சுருக்கமாக: தண்ணீர் புகாத படலம் உள்ளே நிரந்தரமாகத் தைத்திருந்தால் நெரிசலில் வேகும், துவைப்பதற்கும் அந்தப் படலத்துக்கு ஏற்ற திரவம் தேடவேண்டும். கழற்றி மாட்டும் படலம் என்றால் பரவாயில்லை. மழையில் தினமும் போகிறவர்களுக்கு இது முதல் தேர்வாக இருக்கலாம். நான் மெஷ்ஷின் மேல் மழைக்கோட்டை மாட்டிச் சமாளிக்கிறேன்.

நீங்கள் பெரும்பாலும் நெடுஞ்சாலையில் வேகமாகப் போகிறவர், அல்லது ரேஸ் தடத்தில் பயிற்சிக்குப் போக நினைக்கிறவர் என்றால் நான் சொன்ன எதையும் கேட்காதீர்கள், தோல் வாங்குங்கள். தடத்தில் பெரும்பாலும் அதைத்தான் கேட்பார்கள். எனக்கும் இரண்டாவது ஜாக்கெட் வாங்கும் நாள் வந்தால் அது தோலாகத்தான் இருக்கும், நீண்ட பயணத்துக்கு மட்டும்.

இப்போது பேன்ட் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அராமிட் என்ற பலமான இழையால் ஆன உள்துணி வைத்த ஜீன்ஸ் இரண்டு பிடித்திருக்கிறது. ஒன்றில் முழங்கால் ஆர்மரை எடுக்கப் பேன்ட்டையே உள்வெளியாகப் புரட்ட வேண்டியிருக்கிறது, இன்னொன்றில் வெளியிலேயே ஜிப் இருக்கிறது. இரண்டும் ஏஏ வகுப்பு. ஜிப் வைத்ததைத்தான் எடுப்பேன்.