கிளாசிக் 350-ல் சேடில் பேக்: பையை விட ஸ்டேதான் முக்கியம்

ராயல் என்ஃபீல்டின் பழைய 346 சிசி கிளாசிக்கோ, 2021-ல் வந்த 349 சிசி வண்டியோ, பின் சீட்டின் இரு பக்கமும் தொங்கும் சேடில் பேக் மாட்டினால் வருகிற தொல்லை ஏறக்குறைய ஒன்றுதான். நல்ல பை வாங்கத் தாராளமாகச் செலவழிக்கிறவர்கள், அதைத் தாங்கும் கம்பிச் சட்டமான ஸ்டே என்று வந்ததும் கையைச் சுருக்கிக்கொள்வார்கள். ஆனால் சில வருஷம் ஓடிய வண்டிகளில் பை கிழிவதற்கு முன்னால் ஸ்டேதான் விட்டுப்போகிறது.

சென்னை ஜிபி ரோடு போன்ற இடங்களில் கிடைக்கும் மலிவான ரெடிமேட் ஸ்டேக்களில், பைப்பின் முனையைத் தட்டையாக அடித்து ஓட்டை போட்டிருப்பார்கள். உருண்டை தட்டையாகிற அந்த இடத்தில்தான் மயிரிழைக் கீறல் விழும். மேலே பெயின்ட் இருப்பதால் தெரியாது, துருக்கோடு எட்டிப் பார்க்கும்போதுதான் கண்ணில் படும். பட்டறையில் செய்வதானால் 16 மிமீ பைப், 1.6 மிமீ கனம், முனைகளில் 5 மிமீ பட்டையைத் தனியாக வெல்டிங் வைக்கச் சொல்லுங்கள். ஒரு பக்கத்துக்கு மூன்று பிடிமானம் வேண்டும். பின்னால் நம்பர் பிளேட்டுக்கு அடியில் இரண்டு ஸ்டேயையும் இணைக்க ஒரு குறுக்குக் கம்பி கட்டாயம். அது இல்லையென்றால் ஒவ்வொரு குழிக்கும் ஸ்டே தனித்தனியாக ஆடி, வெல்டிங் களைத்துவிடும்.

ஷாக் அப்சார்பரின் மேல் போல்ட்டில் ஸ்டே பட்டையைக் கோக்கும்போது நட்டுக்குக் கிடைக்கும் மரை குறையும். நைலாக் நட்டை (தானாக இளகாதபடி உள்ளே நைலான் வளையம் வைத்த நட்டு) தாண்டி ஒன்றிரண்டு மரையாவது வெளியே தெரிய வேண்டும். இடம் போதவில்லை என்று வாஷரைக் கழற்றிவிட்டு முறுக்குவதை அடிக்கடி பார்க்கலாம். அப்படிச் செய்தால் ரப்பர் புஷ் வெளியே நழுவும். அந்த இடத்தில் மட்டும் பட்டையை 3 மிமீ ஆக்கிக்கொள்வது மேல்.

வலது பக்கம் சைலன்சர். பைக்கும் அதற்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி விட்டாலும், சாமான் நிறைந்து ஸ்ட்ராப் இளகினால் பை இறங்கும். ஓடும்போது காற்று சூட்டை அடித்துக்கொண்டு போய்விடும். குன்னூர் மலைப்பாதையில் லாரிக்குப் பின்னால் நிற்கும்போதுதான் பையின் அடி உருகும். முதலில் இளகுவது துணியில்லை, உள்பக்க பிவிசி பூச்சு. பிறகு மழையில் அந்த வழியாகத்தான் தண்ணீர் இறங்கும். 1.5 மிமீ அலுமினியத் தகட்டை ஸ்டேயின் அடிக்கம்பியில் 10 மிமீ ஸ்பேசர் வைத்து மாட்டினால் போதும். தகட்டைக் கம்பியோடு ஒட்டி வைத்தால் சூடு அப்படியே மேலே ஏறும், இடையில் காற்று இருக்க வேண்டும். ஸ்டவ், பெட்ரோல் கேன் எதுவும் இந்தப் பக்கம் கூடாது.

இடது பக்கம் சேலைக் கார்டு இருக்கிறதே, அதுவே தாங்காதா என்று கேட்பார்கள். பை சக்கரத்துக்குள் போகாமல் தடுக்கும், அவ்வளவுதான். எடை தாங்கச் செய்ததில்லை. அதைக் கழற்றவும் கூடாது: 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123-வது விதி பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பைக் கேட்கிறது.

பை வைத்ததும் பக்கவாட்டிலிருந்து பார்த்தால் இண்டிகேட்டர் மறைந்திருக்கும். நம்பர் பிளேட் பக்கம் நகர்த்தினால், தன் உலோக உடம்பு வழியே எர்த் எடுக்கும் வெளிமார்க்கெட் இண்டிகேட்டருக்குத் தனி எர்த் ஒயர் இழுக்க வேண்டும். அதை மாட்டும் கம்பியின் மேல் உள்ள பவுடர் கோட்டிங் பூச்சு மின்சாரம் கடத்தாது. எரியவில்லை என்று பல்பை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் உண்டு!

மாட்டி முடித்ததும் இரண்டு பேரை சீட்டில் உட்காரவைத்து அமுக்கச் சொல்லி, டயருக்கும் பைக்கும் இடைவெளி இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். பின்னால் உட்காருபவரின் குதிகால் பையில் இடிக்கிறதா என்பதும் அப்போதே தெரிந்துவிடும். பக்கத்துக்கு 6 கிலோவுக்கு மேல் வேண்டாம், கனமானது அடியில், முன்பக்கம். ஷாக் பிரிலோடை, அதாவது ஸ்பிரிங் இறுக்கத்தை, இரண்டு படி ஏற்றினால் ஹெட்லைட் வானத்தைப் பார்க்காது.

முதல் 500 கிமீயில் எல்லா நட்டையும் ஒருமுறை இறுக்கிவிடுங்கள். பக்கப் பெட்டியில் பை உரசும் இடத்துக்குப் பழைய சைக்கிள் ட்யூபை விட பெயின்ட் பாதுகாப்பு ஃபிலிம் நல்லது. ட்யூபுக்கு அடியில் மண் சேர்ந்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி பெயின்ட் போய்விடும்.