பென்பாட்: டிசைனும் கோடும் ஒரே ஆள் பார்க்கிறீர்களா?

எங்கள் அலுவலகம் சின்னது. டிசைனர் தனி, டெவலப்பர் தனி என்றெல்லாம் கிடையாது. இரண்டும் என் தலையில்தான். எனக்குக் கோடு, அதாவது நிரல் எழுதுவது, பழகிய கை. டிசைனை எட்டவைத்துப் பார்க்காமல் தினமும் கையில் எடுக்கவைத்தது பென்பாட், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

வலைத்தளம், செயலி ஆகியவற்றின் திரைகளை வரைந்து டிசைன் செய்ய, ஸ்பெயினைச் சேர்ந்த கலெய்டோஸ் குழு உருவாக்கிய திறமூல மென்பொருள் இது. பிரவுசரிலேயே ஓடும். காசு கட்டாமல் தொடங்கலாம். விருப்பமிருந்தால் டாக்கர் (மென்பொருளைப் பொட்டலமாக நிறுவித் தரும் கருவி) வழியாக உங்கள் சொந்த சர்வரிலும் நிறுவிக்கொள்ளலாம்.

இதில் எனக்குப் பிடித்ததே லேஅவுட்தான், அதாவது திரையில் பொருள்களை அடுக்கும் முறை. பலரும் பயன்படுத்தும் டிசைன் கருவியான ஃபிக்மாவின் ஆட்டோ லேஅவுட்டும் நல்ல வசதிதான், ஆனால் அதன் பெயர்களும் கணக்கும் அதற்கே உரியவை. பென்பாட்டில் இருப்பது, வலைப்பக்கத்தின் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ் மொழியில் பொருள்களை வரிசையாக அடுக்கும் ஃபிளெக்ஸ்பாக்ஸேதான். ரோ (கிடைவரிசை), காலம் (நெடுவரிசை), ராப், கேப், ஜஸ்டிஃபை, அலைன் என்று பிரவுசருக்கு எழுதும் அதே சொற்கள். 2024இல் வந்த 2.0 பதிப்பில் கட்டம் கட்டமாக அடுக்கும் கிரிட்டும் சேர்ந்தது. நெடுவரிசைக்கு 1எஃப்ஆர், 2எஃப்ஆர் என்று பங்குக் கணக்கில் அளவு கொடுக்கலாம். கோடு தெரிந்தவர் தெரிந்ததை வைத்தே டிசைனுக்குள் நுழைந்துவிடலாம். டிசைன் தெரிந்தவருக்கோ வரையும்போதே சிஎஸ்எஸ் மனதில் ஏறிவிடும்.

தமிழ்த் திரைகளில் இது இன்னும் நன்றாகத் தெரியும். ‘லாகின்’ என்று வைத்திருந்த பொத்தானில் ‘கடவுச்சொல்லை மாற்று’ என்று போட்டால், நிலையான அகலம் கொடுத்து வரைந்த டிசைன் அங்கேயே உடைந்துவிடும். இங்கே அகலத்தை விட்டுவிட்டு பேடிங்கை (எழுத்தைச் சுற்றிய உள் இடைவெளி) மட்டும் கொடுத்தால் பொத்தான் தானாக விரியும். இடம் போதாவிட்டால் ராப் அடுத்ததைக் கீழ் வரிக்கு இறக்கிவிடும். வரி உயரமும் அப்படித்தான். சிஎஸ்எஸ்ஸில் எழுதுவதுபோல 1.2, 1.6 என்று வெறும் எண்ணாகக் கொடுக்கலாம். 1.2இல் ‘மூழ்கி’ என்ற சொல்லின் அடிச்சுழி கீழ்வரியில் உள்ள ‘நீர்’ என்பதன் மேல்விசிறியோடு முட்டுகிற மாதிரி நெருங்கி நிற்கும். 1.6 வைத்தால்தான் கண்ணுக்கு மூச்சு வரும். முக்த மலர், இந்த் மதுரை போன்ற கூகுள் எழுத்துருக்களோடு, நீங்கள் வாங்கி வைத்திருக்கும் எழுத்துருவையும் ஏற்றிக்கொள்ளலாம்.

இன்ஸ்பெக்ட் பகுதி, வரைந்ததிலிருந்து சிஎஸ்எஸ்ஸும், பக்கத்தின் அமைப்பைச் சொல்லும் எச்டிஎம்எல்லும் எடுத்துத் தரும். சிஎஸ்எஸ்ஸில் இருக்கும் அளவுகளை நம்பி எடுக்கலாம். எச்டிஎம்எல்லை அப்படியே ஒட்டாதீர்கள். எது பொத்தான், எது தலைப்பு, எது லேபிள் என்று திரைவாசிப்பான் பயன்படுத்துபவருக்கும் புரியும்படி எழுதுவது நம் வேலை, அதை எந்தக் கருவியிடமும் விடக்கூடாது. திரை அகலத்துக்கு ஏற்ப மாறும் மீடியா குவெரிக்கும் இங்கே இடமில்லை. போனுக்கு ஒரு போர்டு (வரையும் பலகை), லேப்டாப்புக்கு ஒரு போர்டு என்று தனித்தனியாக வரைந்துவிட்டு, இடைப்பட்ட அகலங்களைக் கோடில்தான் பார்க்க வேண்டும்.

பிளகின்கள், அதாவது கூடுதல் வசதி சேர்க்கும் துணை மென்பொருள்கள், ஃபிக்மா அளவுக்கு இல்லை. வாடிக்கையாளர் ஃபிக்மா கோப்பாகத்தான் வேண்டும் என்றால் வேறு வழியும் இல்லை. பெரிய குழுவில் டிசைன் மட்டுமே பார்ப்பவருக்கு மாறவேண்டிய அவசரம் ஒன்றும் கிடையாது.

இரண்டு வேலையும் ஒரே ஆள் பார்க்கிறீர்கள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன், இதை எடுங்கள். முதலில் டாக்கர் எல்லாம் வேண்டாம். அவர்கள் தளத்திலேயே கணக்கு திறந்து, ஏற்கெனவே நீங்கள் கோடு எழுதி முடித்த ஒரு படிவத்தை முழுக்க ஃபிளெக்ஸில் கட்டிப் பாருங்கள். அப்புறம் லேபிள்களைத் தமிழுக்கு மாற்றிப் பாருங்கள்.