ஸ்லிம்மா, விங்கேட்டா?

இரண்டாம் உலகப் போரில், ஜப்பானியருக்கு எதிரான பர்மா போர்முனையில் காலனிப் படைகளை நடத்திய பிரிட்டிஷ் அதிகாரிகளில் வில்லியம் ஸ்லிம், ஆர்ட் விங்கேட் இருவரும்தான் அதிகம் பேசப்படுபவர்கள். அதிகாரிகளுக்கான டி.எஸ்.ஓ. என்ற பிரிட்டிஷ் போர் விருதில் விங்கேட் முந்துகிறார், மூன்று முறை வாங்கியவர். கையில் அலாரம் கடிகாரம், வாயில் பச்சை வெங்காயம் என்று ஆளே ஒரு தினுசு. 1941இல் சூடான், எத்தியோப்பியப் படையினரோடு இத்தாலியரை விரட்டி, எத்தியோப்பியப் பேரரசர் ஹெய்லி செலாசி தலைநகர் அடிஸ் அபாபா திரும்ப வழி செய்தார். 1943இல் கூர்க்காக்களையும் பர்மியரையும் சேர்த்து சுமார் 3,000 பேரோடு பர்மாவில் ஜப்பானியரின் முதுகுப்புறம் புகுந்தார். 800க்கும் மேற்பட்டோர் திரும்பவில்லை. நடக்க முடியாத காயக்காரர்களைக் காட்டிலேயே விட்டு வரவேண்டியிருந்தது.

ஸ்லிம் வேறு ரகம். கூர்க்கா ரெஜிமென்ட்டில் வளர்ந்தவர், சிப்பாயிடம் அவன் மொழியிலேயே பேசுவார். 1940இல் சூடான் எல்லையில் கல்லாபாத் என்ற இடத்தில் இத்தாலியரோடு மோதிச் சறுக்கியதைப் பின்னாளில் தானே ஒப்புக்கொண்டார். பர்மாவில் போரிட்ட 14ஆம் படையின் தளபதியானதும் முதலில் கவனித்தது மலேரியாவை. மலேரியாவைத் தடுக்கும் தினசரி மெபாக்ரின் மாத்திரையைச் சிப்பாய்கள் விழுங்கினார்களா என்று திடீர்ச் சோதனை. கோட்டைவிட்ட அதிகாரிகள் மூவருக்கு வேலை போனது. பட்டுப் பாராசூட் பற்றாக்குறையா? சரி, கல்கத்தா சணலில் தைக்கச் சொன்னார். சரக்கு போட அது போதும். 1945 மார்ச்சில் பர்மாவின் மண்டலே நகரைக் குறிவைப்பதுபோல் போக்குக் காட்டி, அதற்குத் தெற்கே இருந்த மெய்க்டிலா நகரைப் பிடித்தார்.

விங்கேட் 1944 மார்ச்சில் மணிப்பூர் மலையில் விமானம் விழுந்து இறந்தார், மெய்க்டிலாவைப் பார்க்கவில்லை. கதை கேட்க எனக்கு விங்கேட்தான் பிடிக்கும். அவர் கீழ் நடந்து போகச் சொன்னால், மாத்திரையை விழுங்கிவிட்டு ஸ்லிம் பக்கம் நின்றுகொள்வேன்.